மற்றவை

அந்த நான்கு அடுக்குமாடிகளிலும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. ஜெராக்ஸ் அக்கா என்றால்தான் தெரியும். அவளைவிட இருபத்து நான்கு வயது மூத்தவரான, ஓய்வு பெற்ற தபால்காரர்கூட அக்கா என்றுதான் அழைப்பார். "எனக்கு நாப்பத்தாறு. நான் உங்களுக்கு அக்கான்னா உங்களுக்கு இன்னும் பென்ஷனே வந்திருக்கக் கூடாது" என்பாள் அவள். அவர் சிரித்துவிட்டு, "சரிங்க அக்கா" என்பார்.

இரண்டாவது கட்டடத்தின் தரைத்தளத்தில், முன்பு சைக்கிள் நிறுத்தி வைத்திருந்த அறைதான் அவள் கடை. இரண்டு நகல் எடுக்கும் இயந்திரங்கள், ஒரு கணினி, புத்தகங்களுக்குச் சுருள் கம்பி மாட்டும் கருவி, வருகிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூல். ஸ்டூலில் இடமில்லாவிட்டால் காகிதப் பெட்டிகள் இருக்கவே இருக்கின்றன. அதற்கு முன்பு பதினான்கு வருடம் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். அந்த அலுவலகம் வேறு ஊருக்கு இடம் மாறியபோது வேலை போனது. அவள் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் மாலை அவள் கணவன், லிஃப்ட் மெக்கானிக், ஏதோ ஒரு கட்டடத்தில் வேண்டாமென்று கழித்துப் போட்ட நகல் இயந்திரம் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். சமையலறைத் தரையில் அதைக் கழற்றிப் பரப்பி, இரண்டு வாரம் யாரையும் அந்தப் பக்கம் நடமாட விடவில்லை.

"லிஃப்ட்டும் இதும் ஒண்ணுதான்" என்றான். "ரெண்டும் நடுவுலதான் சிக்கிக்கும்."

அது ஓடியது. பன்னிரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதெல்லாம் தாள் எந்த உருளையில் சிக்கியிருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே அவள் சொல்லிவிடுவாள். கோணலாக விழுந்த பக்கத்தை மட்டும் அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது. வாடிக்கையாளர் "பரவாயில்லைக்கா, குடுங்க" என்றாலும் கொடுக்க மாட்டாள். கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று எடுப்பாள்.

வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பல்கலைக்கழக மாணவர்கள். பல்கலைக்கழகம் ஒன்றும் தொலைவில் இல்லை. நான்காவது கட்டடத்துக்குப் பின்னால் அதன் மதில்தான். மதிலில் ஓர் இரும்புக் கேட் உண்டு. பின்கேட் என்பார்கள். ஒரு நாள் அதைப் பூட்டினார்கள். பூட்டியது பூட்டியதுதான், ஒன்பது வருடம். பூட்டு துருப்பிடித்து, அதன் மேல் ஒரு கொடியும் படர்ந்துவிட்டது. உள்ளே போக வேண்டுமானால் சந்து முனையைத் தாண்டி, பெரிய சாலைக்கு வந்து, பாலம் ஏறி இறங்கி, மதிலை ஒட்டி நடந்து முன்கேட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பல்கலைக்கழக மருத்துவமனைக்கும், அதன் வாசலில் நிற்கும் பேருந்துக்கும்கூட அதுதான் வழி.

இதில் அதிகம் நொந்துபோனவள் நாத்தனார். கணவனின் தங்கை; அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருந்தாள். பல்கலைக்கழக உணவகத்தில் சமையல் வேலை. உணவகத்தின் பின்வாசலில் நின்றால் அவள் வீட்டு பால்கனி தெரியும்.

"மழை வந்தா நம்ம துணி நனையறதைப் பார்த்துக்கிட்டே நிப்பேன் அண்ணி" என்பாள். "கூப்பிடு தூரம்தான். ஆனா நான் சுத்திக்கிட்டு வந்து எடுக்கறதுக்குள்ள மழை நின்னு, துணி பாதி காஞ்சும் போயிடும்."

ஒவ்வொரு வருடமும் படிப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆனதும் மாணவர்கள் கூட்டமாக வருவார்கள். அவர்களுக்குச் சமூகப் பணி என்று ஒரு பாடம். வகுப்பில் படிப்பதை வெளியே போய் மக்களுக்குப் பயன்படுத்த வேண்டும். பயன்படுத்தியதை எழுதிக் கொடுத்தால் மதிப்பெண். பக்கத்திலேயே குடியிருப்பு இருப்பதால் இங்கேயே வருவார்கள், முன்கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு. வருகிற வழியில் கேள்வித்தாளை ஜெராக்ஸ் அக்காவிடமே நூற்றுக்கணக்கில் நகல் எடுப்பார்கள். எடுத்த கையோடு, முதல் தாளை அவளிடமே நீட்டுவார்கள். சந்தில் முதல் கதவு அவளுடையது.

வீட்டில் எத்தனை பேர், என்ன படித்திருக்கிறார்கள், குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, உடம்புக்கு முடியாவிட்டால் எங்கே போகிறீர்கள். பதினோரு வருடமாக அதே கேள்விகள். அவள் தாளைப் பார்க்காமலே பதில் சொல்வாள். சில சமயம் மாணவர்கள் கேள்வியை மறந்து முழித்தால், அடுத்த கேள்வியையும் அவளே எடுத்துக் கொடுப்பாள்.

"நம்ம வீட்ல எத்தனை பேருன்னு நமக்கு மறந்து போனாலும் அவங்களுக்கு மறக்காது" என்பான் கணவன்.

"எழுதிக்கிட்டுத்தானே போறாங்க. அதுக்கப்புறம் என்ன ஆகுதுன்னு யாருக்குத் தெரியும்" என்பாள் அவள். அதில் கோபமெல்லாம் இல்லை. பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். இவள் மரியாதையாகச் சொன்னாள். அவ்வளவுதான்.

ஒரு வருடம் அது அவ்வளவோடு நிற்கவில்லை.

அறிக்கை கொடுக்க வேண்டிய கடைசி நாள். மாலை நான்கு மணிக்குள் துறை அலுவலகத்தில் இருக்க வேண்டும். இரண்டு மணிக்கு இருவர் ஓடி வந்தார்கள். ஒருவன் கதவில் தலை இடிக்காமல் குனிந்து வரவேண்டிய உயரம். நண்பர்கள் அவனை நெட்டை என்றே கூப்பிட்டார்கள். மற்றவள் கண்ணாடி போட்ட பெண். தோளில் பள்ளிக்கூடத்துப் பை மாதிரி ஒரு பெரிய பை.

"அக்கா, நாப்பது பக்கம், மூணு பிரதி. பைண்ட் பண்ணித் தரணும். அவசரம்" என்றான் நெட்டை.

"அவசரமில்லாத ஆளை நான் இன்னும் பார்க்கல" என்றாள் அவள். இயந்திரத்தில் தாள்களை வைத்தாள். அது பதினான்காம் பக்கத்தில் சிக்கிக்கொண்டது. மூடியைத் திறந்து தாளை இழுத்தபோது, எந்தப் பக்கம் என்று பார்க்கத்தான் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய வட்டம். வட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். மேலே தலைப்பு: இக்குடியிருப்பு மக்களின் முதன்மைத் தேவைகள். குடிநீர் என்று ஒரு சின்னத் துண்டு. சுகாதாரம் ஒரு சின்னத் துண்டு. வேலைவாய்ப்பு, மருத்துவம், கணினிப் பயிற்சி, எல்லாம் கீற்றுக் கீற்றாக. மிச்சமிருந்த பெரிய பாகம் முழுவதும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதன் மேல் எழுதியிருந்தது: மற்றவை, 68 சதவீதம்.

"தம்பி, இந்த மற்றவைன்னா என்ன?"

நெட்டை எட்டிப் பார்த்தான். "அது... படிவத்துல அஞ்சு தேவை குடுத்திருந்தாங்கக்கா. அதுல எதுலயும் வராதது மற்றவை."

"நூறு பேர்ல அறுபத்தெட்டுப் பேர் சொன்னது எதுலயும் வரலையா?"

"வரலக்கா."

"அவங்க என்னதான் சொன்னாங்க?"

நெட்டை கண்ணாடிக்காரியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள். அப்புறம் பையைத் தரையில் வைத்து, உள்ளிருந்து ஒரு கட்டுப் படிவங்களை எடுத்தாள். "எல்லாம் இருக்குக்கா. தூக்கிப் போட மனசு வரல."

மூன்று பேரும் பைண்டிங் மேசையைக் காலி செய்துவிட்டு உட்கார்ந்தார்கள். நூற்று அறுபத்து நான்கு வீடுகள். மற்றவை என்ற கட்டத்தில் எழுதியிருந்தவை நூற்றுப் பன்னிரண்டு. கண்ணாடிக்காரி ஒவ்வொன்றாக வாசிக்க, நெட்டை கோடு போட்டு எண்ணினான். பின்கேட்டைத் திறக்க வேண்டும். பின்கேட். கேட். பின்பக்கக் கதவு. கேட்டு, கேட்டு, கேட்டு. தொண்ணூற்றேழு பேர் அதையே சொல்லியிருந்தார்கள். மிச்சப் பதினைந்தில் மாடிப்படி விளக்கு வந்தது, நாய்த் தொல்லை வந்தது, "ஒன்றும் வேண்டாம்" வந்தது. ஒரே ஒருவர் மட்டும் படிவத்தை வாங்கி, தன் கையாலேயே, அழகான கையெழுத்தில், "தயவுசெய்து மறுபடி வர வேண்டாம்" என்று எழுதியிருந்தார்.

"இது தபால்காரர் கையெழுத்து" என்றாள் அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கண்ணாடிக்காரி சிரிக்கவில்லை. "நான்தான் இந்த வீடுகளுக்குப் போனேன். எல்லாரும் கேட், கேட்னு சொன்னாங்க. எழுதினதும் நான்தான். ஆனா எனக்கு ஒண்ணும் தோணல" என்றாள். "அது எங்க யுனிவர்சிட்டியோட கேட்டுக்கா."

மணி மூன்றாகப் போகிறது. நெட்டைக்குக் கவலை வந்துவிட்டது. "இப்ப மாத்தி எழுத நேரமில்ல. இதைக் குடுத்துடலாம். அடுத்த வருஷப் பசங்க பார்த்துக்கட்டும்."

"போன வருஷப் பசங்களும் இப்படித்தான் சொல்லியிருப்பாங்க" என்றாள் கண்ணாடிக்காரி.

அக்கா கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். பத்து நிமிடத்தில் ஒரே ஒரு பக்கம். மற்றவை என்பதன் விவரம் இது. இத்தனை பேர் இதைச் சொன்னார்கள். நாங்கள் இதைக் கவனிக்கத் தவறினோம். அச்சடிக்கப் போனால் வெள்ளைத் தாள் தீர்ந்திருந்தது. கல்யாணப் பத்திரிகைக்காக யாரோ வாங்கி மிச்சம் வைத்துவிட்டுப் போன மஞ்சள் தாள்தான் இருந்தது. நாற்பது வெள்ளைப் பக்கங்களுக்கு நடுவே ஒரு மஞ்சள் பக்கத்தோடு அறிக்கையைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஓடினார்கள். நான்கு மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது என்று மறுநாள் நெட்டை வந்து சொன்னான்.

அடுத்த வாரம் ஒரு நண்பகலில் பேராசிரியை வந்தார். ஐம்பது வயதிருக்கும். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, காகிதப் பெட்டி ஒன்றின் மேல் கேட்காமலே உட்கார்ந்தார். கையில் அறிக்கை. நடுவில் மஞ்சள் நீட்டிக்கொண்டிருந்தது.

"நடந்து வந்தேன்" என்றார். "இவ்வளவு தூரம்னு தெரியாது."

"கார்ல வந்திருந்தா தெரிஞ்சிருக்காது மேடம்" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் அது குத்தலாகப் போய்விட்டதோ என்று தோன்றியது. தண்ணீர் கொடுத்தாள்.

பேராசிரியை குடித்து முடித்தார். "அந்தப் படிவத்தை நான்தான் தயார் பண்ணேன். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. அப்ப கேட் திறந்திருந்தது. அதுக்கப்புறம் நான் அதை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கல. பழைய அறிக்கையெல்லாம் நேத்து எடுத்துப் பார்த்தேன். வருஷா வருஷம் மற்றவை ஏறிக்கிட்டே வருது. நானும் வருஷா வருஷம் 'நல்ல முயற்சி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

இவ்வளவு படித்தவர் தன் தவறைப் பெட்டி மேல் உட்கார்ந்து சொல்வார் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை. "அந்த அறிக்கையெல்லாம் நான்தான் மேடம் பைண்ட் பண்ணேன். நானும் ஒரு தடவை பிரிச்சுப் பார்க்கல" என்றாள்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

பேராசிரியை வந்த காரியம் வேறு. இந்தப் பாடத்துக்கு இரண்டாம் பகுதி ஒன்று உண்டு. அடுத்த அரையாண்டு முழுவதும் பின்கேட்டைப் பற்றியே மாணவர்கள் வேலை செய்யலாம். ஆனால் குடியிருப்புக்காரர்கள் கூட இருந்தால்தான். "எங்களோட சமூகப் பங்காளரா நீங்க இருக்க முடியுமா?"

"பங்காளரா?" அக்காவின் முகம் மாறியது. "மேடம், எங்க வீட்ல பங்காளிங்களோட பேச்சுவார்த்தையே கிடையாது. ஒரு சுவத்துக்காக இருபது வருஷமா சண்டை."

"இதுவும் சுவர் விஷயம்தான்" என்றார் பேராசிரியை.

முதல் கூட்டம் ஒரு ஞாயிறு காலை, நான்காவது கட்டடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில். ஐம்பது பேருக்கு மேல் வந்தார்கள். எல்லோரும் கேட்டைத் திறக்கத்தான் சொல்வார்கள் என்று மாணவர்கள் நினைத்திருந்தார்கள். தபால்காரர் எழுந்தார்.

"நான் அந்தக் கேட்டுக்கு நேர் எதிர்ல குடியிருக்கேன். அது திறந்திருந்தப்ப மோட்டார் சைக்கிளெல்லாம் என் ஜன்னலை உரசிக்கிட்டுப் போகும். பூட்டின அன்னிக்குத்தான் நான் மத்தியானம் நிம்மதியாத் தூங்கினேன். ஒன்பது வருஷமாத் தூங்கறேன். திறக்கணும்னு சொல்றவங்க என் வீட்டுக்கு மாறி வந்துட்டு அப்புறம் திறங்க."

கூட்டத்தில் சலசலப்பு. நாத்தனார் எழுந்து, "உங்க தூக்கத்துக்காக நான் தினம் காலையும் சாயங்காலமும் ஊரைச் சுத்தணுமா?" என்றாள். அவர், "சுத்தறது உடம்புக்கு நல்லது" என்றார். அதோடு இருவரும் இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

அன்று மாலை நெட்டை சோர்ந்துபோய்க் கடையில் உட்கார்ந்திருந்தான். "ஒருத்தர் எதிர்க்கறாரேக்கா."

"அவர் சொல்றதுல என்ன தப்பு?" என்றாள் அக்கா. "வண்டி உரசத்தான் செஞ்சது. எனக்கே ஞாபகமிருக்கு."

ஆகவே புதிதாகக் கேள்வித்தாள் தயாரித்தார்கள். இந்த முறை கடையிலேயே உட்கார்ந்து, குடியிருப்புக்காரர்கள் ஐந்து பேரும் மாணவர்கள் நால்வருமாக. ஒவ்வொரு கேள்விக்கும் சண்டை. ஒரே தாளில் முடிய வேண்டும் என்பதில் அக்கா கறாராக இருந்தாள். முதல் கேள்வியையும் அவள்தான் வைத்தாள்: போன முறை நீங்கள் சொன்னதற்கு என்ன ஆயிற்று என்று யாராவது வந்து உங்களிடம் சொன்னார்களா? வேண்டாம் என்கிறவர்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று எழுதப் பெரிய இடம் விட வேண்டும் என்றார் தபால்காரர். அவரும் அந்த ஐவரில் ஒருவர். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

நூற்று நாற்பத்தொன்பது வீடுகளிலிருந்து பதில் வந்தது. திறக்கலாம் என்றவை நூற்று இருபத்தொன்று. வேண்டாம் என்றவை பத்தொன்பது. அதில் பன்னிரண்டு வீடுகளுக்கு மோட்டார் சைக்கிள்தான் பயம், ஏழு வீடுகளுக்கு முன்பின் தெரியாதவர்கள் நடமாடுவார்களே என்ற பயம். இன்னும் முடிவெடுக்கவில்லை என்றவை ஒன்பது. முதல் கேள்விக்கு மட்டும் நூற்று நாற்பத்தொன்பது வீடுகளும் ஒரே பதில்: இல்லை.

கண்ணாடிக்காரி ஒரு காலையில் ஸ்டாப்வாட்ச்சோடு நாத்தனார் கூடவே உணவகம் வரை நடந்தாள். இருபத்தேழு நிமிடம். நடுவில் பாலத்தின் மேல் நின்று மூச்சு வாங்கியது கண்ணாடிக்காரிதான். "ஏம்மா, உனக்கு இருபது வயசுதானே ஆகுது" என்று நாத்தனார் அவள் பையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பின்கேட் வழியாக எவ்வளவு ஆகும் என்று மதிலுக்கு இரண்டு பக்கமும் நடந்து கூட்டிப் பார்த்தார்கள். நான்கு நிமிடம்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்கு மனு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒரே வரி. பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு இயலாது.

அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். கடிதம் சற்றுக் கோணலாக அச்சாகியிருந்தது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "என்ன காரணம்? ஒரு காரணமாவது எழுதியிருக்கலாம்ல. காரணங்கள்னு பன்மையில வேற போட்டிருக்கு."

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவன் நெட்டை. மதிப்பெண் வந்தால் போதும் என்றிருந்த அவன், இந்த இடத்தில்தான் மாறினான் என்று கண்ணாடிக்காரி பின்னால் சொல்வாள். பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனான். மீசைக்கார அதிகாரி, "மேலிடத்து உத்தரவு" என்றார். மேலிடத்துக்குப் போனான். "பாதுகாப்பு அலுவலகத்தைக் கேளுங்க" என்றார்கள். ஒன்பது நாள் இரண்டு மாடிகளுக்கும் நடுவே ஏறி இறங்கினான். பத்தாம் நாள், அவன் தலை வாசலில் தெரிந்ததுமே களைத்துப்போன ஓர் எழுத்தர், "இந்தா, நீயே பார்த்துக்கோ" என்று பழைய கோப்பை எடுத்துப் போட்டார்.

நெட்டை அன்று கடைக்கு வந்தபோது குனிய மறந்து தலையை இடித்துக்கொண்டான்.

"அக்கா, கழிவுநீர்க் குழாய்" என்றான்.

"யாருக்கு?"

"பின்கேட்டுக்கு. உள்ளே குழாய் பதிக்கத் தோண்டினாங்க. அதனால வேலை முடியற வரைக்கும் கேட்டைப் பூட்டணும்னு உத்தரவு போட்டாங்க. வேலை எட்டு மாசத்துல முடிஞ்சிருச்சு. முடிஞ்சதுன்னு பொறியியல் பிரிவுக்குக் கடிதம் போயிருக்கு. பாதுகாப்பு அலுவலகத்துக்கு மட்டும் யாரும் சொல்லல. அவங்க இன்னும் குழாய் வேலை நடக்குதுன்னு காவல் காத்துக்கிட்டிருக்காங்க."

அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாலையில் கணவனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். "லிஃப்ட்லயும் இது உண்டு. பழுதுன்னு பலகை மாட்டுவாங்க. நாம சரி பண்ணிட்டு வந்துடுவோம். பலகையைக் கழட்ட ஆள் இருக்காது. ஜனங்க ஒரு மாசம் படியேறுவாங்க."

அரையாண்டின் முடிவில் மாணவர்கள் தங்கள் வேலையைப் பேசி விளக்க வேண்டும். பதிவாளரும் வரச் சம்மதித்திருந்தார். சமூகப் பங்காளர் சார்பில் அக்கா பத்து நிமிடம் பேச வேண்டும்.

இரண்டு நாள் முன்பிருந்தே அவள் அதையே சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தின் அறிக்கைகளை ஆயிரக்கணக்கில் பைண்ட் செய்திருக்கிறாள். கேட் பூட்டிய பிறகு அதற்குள் ஒரு தடவையும் கால் வைத்ததில்லை. "நான் போய் என்ன பேசறது? ஒரு இங்கிலீஷ் வார்த்தை போட்டுக் கேட்டாங்கன்னா?"

"உன்கிட்ட இருக்கிற ரெண்டு மிஷினும் இங்கிலீஷ்லதான் பிழை காட்டுது. அதுங்களையே நீ அடக்கி வச்சிருக்க" என்றான் கணவன்.

பத்தரைக்குக் கூட்டம். பத்து மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டாள். கிளம்பும் நேரத்தில் ஒருவர் அடையாள அட்டை நகலுக்கு வந்து நின்றார். அவரை அனுப்பிவிட்டு, பாலத்தில் ஏறி, முன்கேட்டில் பெயர் எழுதி, தப்பான கட்டடத்துக்குப் போய்த் திரும்பி, அரங்கத்தின் கதவைத் தள்ளியபோது மணி பத்து ஐம்பது. நாற்பது தலைகள் திரும்பின. மேடைக்குப் பக்கத்தில் பதிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு வியர்த்துக் கொட்டியது. எழுதி வைத்திருந்த தாள் கையில் நனைந்துவிட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"மன்னிச்சுக்கணும். நான் பக்கத்து வீடு."

பின் வரிசையில், உணவக ஏப்ரனோடு நின்றுகொண்டிருந்த நாத்தனார் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லோரும். பதிவாளர் கடிகாரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, "எவ்வளவு நேரமாச்சும்மா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பயமில்லை. தாளை மடித்து வைத்துவிட்டுப் பேசினாள். துணி நனைவதைச் சொன்னாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு பாலம் ஏறுகிற முதல் கட்டடத்துப் பெண்ணைச் சொன்னாள். தபால்காரரின் தூக்கத்தையும் விடாமல் சொன்னாள். "திறக்கணும்னு சொல்றவங்க சார்பா மட்டும் நான் வரல. அவரையும் சேர்த்துக்கிட்டுத்தான் வந்திருக்கேன். வண்டி போக முடியாத மாதிரி, ஆள் மட்டும் நுழையற மாதிரி ஒரு சின்ன வழி விட்டாப் போதும்."

நெட்டை கோப்பின் நகலை நீட்டினான். பதிவாளர் அதை இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இது நான் வர்றதுக்கு முன்னாடி நடந்தது" என்று மட்டும் சொன்னார். பிறகு, மூன்று மாதம் சோதனை முறையில், காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை, நடப்பவர்களுக்கு மட்டும் என்றார்.

அனுமதி வந்த பிறகுதான் தெரிந்தது, சாவி யாரிடமும் இல்லை. மீசைக்கார அதிகாரி மூன்று கொத்துச் சாவிகளைப் போட்டுப் பார்த்துவிட்டு கையிலிருந்த விசிலால் தலையைச் சொறிந்தார். லிஃப்ட் மெக்கானிக் எண்ணெய்க் குப்பியும் அறுக்கும் ரம்பமுமாக வந்தான். பூட்டை அறுக்கப் பத்து நிமிடம். கீல்கள் அசைய ஒரு மணி நேரம். வண்டி நுழையாதபடி மூன்று இரும்புக் கம்பங்களைப் பல்கலைக்கழகமே நட்டுக் கொடுத்தது. கம்பங்களுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி என்று அளவெடுத்தவர் தபால்காரர். தன் வயிற்றை வைத்து அளந்தார்.

முதல் நாள் காலை நாத்தனார் வேலைக்குப் போனாள். போய்ச் சேர்ந்து அண்ணிக்குப் போன் செய்தாள். "வந்துட்டேன் அண்ணி. இப்ப என்ன பண்றதுன்னு தெரியல. இன்னும் யாருமே வரல."

எல்லாம் சுகமாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. இரண்டாம் மாதம் யாரோ கேட் பக்கத்தில் குப்பை கொட்டிவிட்டுப் போனார்கள். அதைச் சாக்கிட்டு மூடிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் திக்கென்றது. மாணவர்களும் குடியிருப்புக்காரர்களும் முறை வைத்துக் கூட்டினார்கள். மூன்று மாதச் சோதனை ஆறு மாதமாகி, அப்புறம் யாரும் தேதி கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அக்காவின் கடையில் கூட்டம் தாங்கவில்லை. தபால்காரர் இப்போது மத்தியானம் தூங்குவதில்லை. பின்கேட் வழியாக நூலகத்துக்குப் போய்ச் செய்தித்தாள் படிக்கிறார். அங்கே படித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறார் என்று நூலகர் சொன்னதாகக் கேள்வி.

நெட்டை படிப்பை முடித்து வேறு ஊரில் நகராட்சி வேலைக்குப் போனான். கோப்புகளோடு பழகிவிட்டது என்றான். கண்ணாடிக்காரி மேற்படிப்புக்கு அதே துறையில் தங்கிவிட்டாள். புதிய மாணவர்கள் எந்தக் கேள்வித்தாளையும் இப்போது முதலில் குடியிருப்புக்காரர்களிடம் காட்டியாக வேண்டும். மதிப்பெண் போடும் குழுவில் அக்காவுக்கும் ஓர் இடம். சென்ற அரையாண்டில் ஒரு குழுவின் தாளைத் திருப்பி அனுப்பினாள். "நாப்பது கேள்வி இருக்கு. நாங்க வேலைக்குப் போறதா, உங்களுக்குப் பதில் சொல்றதா?" அவர்கள் பன்னிரண்டாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். பிறகு அவர்களோடு சேர்ந்துதான் மருத்துவமனைக்கு எழுதி, சாயங்கால நேரத்தை ஒரு மணி நேரம் நீட்ட வைத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட வேண்டும் என்று தபால்காரர் கேட்டார். பெஞ்சு போட எல்லோருக்கும் சம்மதம். எந்தப் பக்கம் போடுவது என்பதில்தான் தகராறு. உள்ளே போட்டால் நிழல், வெளியே போட்டால் வீடு தெரியும். நாத்தனார் வெளியே என்றாள், தபால்காரர் உள்ளே என்றார். பேராசிரியை இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க சொல்லுங்க" என்றார். அக்கா தன்னால் எதையும் சொல்ல முடியாது என்றும், இரண்டு பக்கமும் ஒரு வாரம் நாற்காலி போட்டு, எதில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று மாணவர்கள் எண்ணட்டும் என்றும் சொன்னாள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு மாணவி பேனாவும் தாளுமாக அங்கே போய் நின்றபோது, இரண்டு நாற்காலிகளிலும் ஏற்கெனவே ஆள் இருந்தது. உள்ளே போட்டதில் தபால்காரர். மற்றதில், ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வேலைக்குப் போக இன்னும் நேரமிருக்கிறது என்று சொல்லியபடி நாத்தனார்.